அத்தை வீட்டுத் தாம்பூலம்

என் அண்ணன் வீரமணி முகாமுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடித்தார். நான் கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வரிசையில் பின்னால் நின்ற தவமணியக்கா, "வந்தது அண்ணனோ கலெக்டரோ, இந்த ஓட்டம் ஓடுறாள்" என்று சொன்னது காதில் விழுந்தது.

நாங்கள் இருப்பது பெரம்பலூர் டவுனை ஒட்டிய இலங்கைத் தமிழர் முகாமில். என் வீட்டுக்காரர் யோகராசாவைக் கைப்பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு படகேறினார்கள் அவருடைய தாய் தகப்பன். இரண்டு பேரும் இந்த முகாமிலேயே செத்தும் போனார்கள். அவர் பெயிண்ட் வேலை பார்க்கிறார். நான் உடையார்பாளையத்துக்காரி, சித்தாள். நான் கலவை சுமந்த கட்டடத்துக்கு அவர் சுவருக்குப் பட்டி பூச வந்தார். அப்படி ஏற்பட்ட பழக்கம். அண்ணனுக்கு அது ஆகவில்லை. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நாளைக்கு எங்கே இருப்பான் என்றே தெரியாதவனைப் பிடித்தாயா என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றுபோனது.

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. என் வீட்டுக்காரருக்கு இந்த ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதமும் இல்லை. அந்த ஊர்க்காரர் என்று சொல்லவும் இல்லை. என்னைக் கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். மனுப் போட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள், இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. முகாம் பதிவில் அவர் பெயர் இருப்பது ஒன்றுதான் அவர் இங்கே நடமாடலாம் என்பதற்கு ஆதாரம். மாதத்தில் ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். தணிக்கை என்று பேர். எந்த நாள் என்று முன்னால் சொல்ல மாட்டார்கள். ஆள் நேரில் நிற்க வேண்டும். ராத்திரி வெளியே தங்குவதானால் முகாமைப் பார்த்துக்கொள்கிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. சாரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். சொல்லாமல் போனால் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டிய பெயரை மறுபடி சேர்ப்பதற்குள் ஒரு மனுஷன் பாதியாகிவிடுவான். முகாமில் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் என்னை எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிப் போனார். என் கையைப் பிடித்து, மெலிஞ்சு போயிட்டியே என்றார். அந்த ஒரு சொல்லில் நான் கரைந்துபோனேன். பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் தமிழ்மொழிக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா செல்லப்பன் என்று ஆலத்தியூர்ப் பக்கம், நல்ல குடும்பம். எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த வீட்டார், பெண்ணுக்கு அத்தை இருக்கிறாளாமே, அவள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் சனத்தில் அண்ணன் மகள் மேல் தங்கை வீட்டுக்கு உரிமை உண்டு. வெளியே கொடுப்பதானால் நிச்சயத்தன்று முதல் தாம்பூலத்தை அத்தையும் மாமாவும் சேர்ந்து நின்று வாங்க வேண்டும். வாங்கினால், எங்களுக்கு உரிமை இல்லை, மனசாரக் கொடுங்கள் என்று அர்த்தம். அவர்கள் வாங்காமல் மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தொட மாட்டார்கள். எனக்குப் பிள்ளையே இல்லை. ஆனாலும் முறை முறைதான். அத்தை மட்டும் வந்தால் போதாது, மாமாவும் வேண்டும்.

எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறோம் என்றேன். அண்ணன் கிளாசைக் கீழே வைத்தார்.

"எழுதிக் குடுத்தா யாரு வூட்டுக்கு, எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் போலீஸ்காரன் விசாரிக்கிறேன்னு எங்க வாசல்ல வந்து நிப்பான். நிச்சயம் நடக்குற வூட்ல அது தேவையா? ஒங்க ஆர்.ஐ. எனக்குத் தெரிஞ்ச ஆளுதான். வாயாலயே சொல்லிப்புட்டேன். ஒரு ராத்திரி தானே, கூட்டிட்டுப் போயிட்டு வாங்கன்னாரு."

சாயங்காலம் இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். இந்த விஷயத்தில் அவர் ரொம்பக் கவனம். பக்கத்து ஊரில் இரண்டு நாள் வேலை என்றாலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவார்.

"மச்சான் சொன்னது சரி. எண்டாலும் நான் ஒருக்கா எழுதிக் குடுத்திட்டு வாறனே."

"அவரு சொல்லிட்டேன்னு சொன்னப்புறம் நீங்க போயிக் கேட்டா, நம்பலைன்னு ஆயிடும். இத்தன வருஷம் கழிச்சு வாசலுக்கு வந்திருக்காரு."

கூடப் பிறந்தவன் கொடுத்த வாக்கை இன்னொருத்தரிடம் போய்ச் சரிபார்ப்பது எங்களில் அவனைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம். என் வீட்டுக்காரருக்கு அண்ணன் தம்பி கிடையாது. இதெல்லாம் நான் சொன்னால் சரி என்பார். சரி என்றார்.

அவரோடு வெளியூர் போவதற்கென்று எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. டிக்கெட்டை நான்தான் கேட்பேன். அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து நான் வழிப்பக்கம் உட்காருவேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் முந்திக்கொள்வேன். ஆமாம் என்பதற்கு அவர் ஒரு 'ஓம்' சொல்லிவிட்டால் போதும், எந்த ஊர், எப்போ வந்தீங்க, எப்போ திரும்பிப் போவீங்க என்று ஆரம்பித்துவிடும். லாட்ஜில் தங்கியதே இல்லை. முகாம் அட்டையைக் காட்டினால் ரூம் காலி இல்லை என்பார்கள். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போய்வர ஆசைப்பட்டோம். இலங்கை ஆள் கடற்கரையில் நின்றால் படகு பார்க்கிறான் என்று பிடிப்பார்கள் என்று தவமணியக்கா சொன்னதும் விட்டுவிட்டோம். அந்த வழியில் பார்த்தால், ராத்திரி தங்குகிற மாதிரி எங்களுக்கு அமைந்த ஒரே பயணம் என் அண்ணன் வீடுதான்.

அரியலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, மடியில் முந்திரிக்கொட்டைப் பையோடு உட்கார்ந்திருந்தது. ஏறினதிலிருந்து பேச்சுத்தான். அவரைப் பார்த்து எந்த ஊருக்கு என்று கேட்டது. நான் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டது. அதற்கும் நான் சொன்னேன்.

"ஏன் ஆயி, ஒன் வூட்டுக்காரரு வாயில கொழுக்கட்டையா வச்சிருக்காரு?"

"பல்லு வலிங்க" என்றேன். அவர் உடனே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். அந்த அம்மா இறங்கும்வரை கையை எடுக்கவில்லை. இறங்கிய பிறகு இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தோம்.

அரியலூருக்கு முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்ற இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி, யாரையோ தேடுகிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் சீட்டருகில் நின்று, எங்க போறீங்க என்றார் ஒருத்தர். எங்க அண்ணன் வூட்டு நிச்சயதார்த்தம் சார் என்று நான் சத்தமாகவே சொன்னேன். இத்தனை வருஷத்தில் இப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வீடு இல்லை. இப்போது இருந்தது. அவர்கள் போன பிறகும் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்திருந்ததை விடவில்லை.

உடையார்பாளையத்தில் அண்ணியும் தமிழ்மொழியும் வாசலுக்கே வந்தார்கள். தமிழ்மொழியை நான் இடுப்பில் சுமந்தவள். இப்போது என்னைவிட உயரம். மாமா, மாமா என்று அவர் பையை வாங்கிக்கொண்டு போனாள். அண்ணன் அவருக்கென்று ஜரிகைக் கரை வேட்டியும் சட்டையும் எடுத்து வைத்திருந்தார். எனக்கு மனசு நிறைந்துபோனது. வேட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. சம்பந்தி வூட்ல ஒங்களுக்குத் திருச்சின்னு சொல்லியிருக்கேன். பேரு யோகராஜ். பெயிண்டிங் காண்ட்ராக்ட். அவங்க ஒரு மாதிரி ஆளுங்க. நீங்க அதிகமாப் பேசிக்க வேணாம், சிரிச்சாப் போதும்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். எனக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"சிரிக்கிறது எந்தச் சிரிப்பு மச்சான், திருச்சிச் சிரிப்போ?" என்று அவர் கேட்டார். தமிழ்மொழி களுக்கென்று சிரித்தாள். அண்ணனும் சிரித்துவைத்தார். நான் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, இதெல்லாம் எதுக்கு என்று கேட்டேன். சுமதி அண்ணி, அவரை என்ன ஒளித்தா வைக்கிறோம், எல்லாருக்கும் முன்னால்தானே நிறுத்துகிறோம் என்றது. அதுவும் சரிதான் என்று தோன்றியது. அண்ணன் வீட்டுச் சோறு உள்ளே போனால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும்.

மறுநாள் காலையில் வாசலில் பந்தல். ஒரு வேனில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். செல்லப்பன் பெரிய மீசை, சின்னக் குரல். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டதையும் ஏதோ ஒரு வார்த்தை சொன்னதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த ஆள் பேச, இவர் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. வேலையிடத்தில் கொத்தனார், சித்தாள் அத்தனை பேரையும் வாயாலேயே சிரிக்கவைக்கிற மனுஷன்.

தட்டு வைக்கிற நேரத்தில் என் போன் அடித்தது. தவமணியக்கா.

"கொளஞ்சி, தணிக்கை வந்திட்டுது. சார் யோகனைக் கேக்கிறார். கடைக்குப் போனதெண்டு சொல்லி வச்சிருக்கிறன். கெதியா ஏதும் செய்."

அண்ணன் ஆர்.ஐ. சாரிடம் சொல்லியிருக்கிறாரே, பிறகு ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி அண்ணனிடம் போய், சாருக்கு ஒரு போன் போடுங்கள் என்றேன். தாம்பூலம் முடியட்டும் என்றார். முடியாது, இப்போதே போடுங்கள் என்றேன். அவர் முகம் கறுத்தது. போனை எடுத்துக்கொண்டு முந்திரி மூட்டை அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"பேசிட்டேன். ஒண்ணும் இல்ல, அவரு மறந்துட்டாராம். போயி நில்லு, கூப்புடுறாங்க."

போய் நின்றோம். ஊர்ப் பெரியவர் தட்டை நீட்டினார். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து முதல் தாம்பூலத்தை வாங்கினோம். எங்களுக்கு மனசு ரொம்பச் சந்தோஷம், நல்லபடியாகக் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். தமிழ்மொழி எங்கள் காலில் விழுந்தாள். அவர் இரண்டு கையையும் அவள் தலையில் வைத்தார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லி வாழ்த்த அவரால் முடியவில்லை. அவளுடைய சிநேகிதிப் பிள்ளைகள் போனில் படம் எடுத்துத் தள்ளினார்கள். அண்ணன் என் வீட்டுக்காரர் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டோம். அவசரமே படவில்லை. அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மறுக்கிறது.

முகாமுக்கு வந்து சேர்ந்தபோது தவமணியக்கா எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்காமல், வெட்டிப்போட்டார் என்று மட்டும் சொன்னது.

விடிந்ததும் ஆபீசுக்குப் போனோம். ஆர்.ஐ. சார் கெட்டவர் இல்லை. யாரும் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றார். உடையார்பாளையம் வீரமணி என்றேன். அப்படி யாரையும் தெரியாது என்றார். நேற்றுக் காலையில் போன் பண்ணினாரே என்றேன். அவர் தன் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இல்லையே அம்மா என்றார்.  கொட்டகைக்குப் பின்னால் போய் அண்ணன் யாரிடம் பேசினார்? யாரிடமும் இல்லை. சும்மா நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

 சார் கொஞ்சம் யோசித்தார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் பரவாயில்லை, கண்டித்துவிட்டு விட்டுவிடலாம், அவரையே கேட்டுவிடுகிறேன் என்று அண்ணன் நம்பரைக் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. நம்பரைச் சொன்னேன். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

அண்ணன் குரல் மேசைமேல் கேட்டது. வணக்கம் சார் என்றார். உங்கள் தங்கச்சியும் அவர் வீட்டுக்காரரும் முந்தாநாள் ராத்திரி உங்கள் வீட்டில் தங்கினார்களா என்று சார் கேட்டார். அந்தப் பக்கம் ஒரு ஆடு கத்தியது. அண்ணியின் குரல் யார் என்று கேட்டது.

"இல்லீங்க சார். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு. ஆனா அது எங்கள விட்டுப் போயி ரொம்ப வருஷமாச்சு. போக்குவரத்தே இல்லீங்க."

"அந்த ஆளு? யோகராசா?"

"அந்த ஆள நான் பாத்ததே இல்லீங்க சார்."

நான் போனைப் பார்த்து, அண்ணே என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

சார் என்னைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரைப் பார்த்தார். பார்வையே மாறிவிட்டது. "வந்தாங்கன்னு சொல்லியிருந்தா இங்கேயே முடிச்சிருப்பேன். இப்ப ராத்திரி எங்க தங்கினீங்கன்னே தெரியலைன்னு ஆகுது. நான் என்ன எழுதுறது, சொல்லுங்க" என்றார். போலீஸ் விசாரணைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை இவர் முகாமை விட்டு வெளியே வேலைக்குப் போகக் கூடாது, தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

நடந்து வரும்போது வீட்டுக்காரர், "மச்சானுக்கு என்ன நெருக்கடியோ" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

படம் எடுத்தார்களே என்று ஞாபகம் வந்தது. அவர் அண்ணன் தோளோடு நிற்கிற படம் ஒன்று போதும். தமிழ்மொழிக்கு, மாமாவுக்கு ஆபத்து பாப்பா, நிச்சயப் படம் ஒண்ணு அனுப்பு என்று போனில் எழுதிப் போட்டேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. ராத்திரியெல்லாம் கையிலேயே போனை வைத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. அத்தை, மாமா நிக்கிற போட்டோவெல்லாம் அப்பா அழிக்கச் சொல்லிட்டாங்க, அழிச்சிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க அத்தை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. முதல் பஸ் பிடித்து உடையார்பாளையம் போனேன், தனியாக. எந்தச் சீட்டில் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரிடமும் எதுவும் பேசலாம். ஆனாலும் பக்கத்தில் அவர் இல்லாத அந்தப் பயணம் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் வாசலில் பந்தல் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே வா என்றார். நான் வாசலிலேயே நின்றேன்.

"ஏன் அண்ணே அப்படிச் சொன்ன?"

"நீ உள்ள வந்து பேசு."

"பாத்ததே இல்லன்னியே. வேட்டி எடுத்துக் குடுத்தியே அவருக்கு."

"போலீஸ் வந்து நின்னா சம்பந்தி வூட்டுக்குத் தெரியாதா? என் பொண்ணு வாழ்க்க போயிடும். அவருக்கு ஒண்ணும் ஆயிடாது. வெட்டுவாங்க, அப்புறம் சேப்பாங்க. எத்தனயோ பேருக்குப் பண்ணியிருக்காங்க. ஒனக்கு வேணும்னா நீ இங்க வந்து இரு, நான் என்ன சோறு போடாமயா போயிடுவேன்."

"நான் வந்து இருக்கறதுக்கா அவரு பேரு வெட்டுப்படணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து செருமல் சத்தம் கேட்டது. செல்லப்பன். மண்டபம் பேச வந்திருந்தார் போல. என்னைப் பார்த்ததும், வாங்க ஆயி, வூட்டுக்காரரு வரலையா என்றார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கும்பிடு மட்டும்தான் இல்லை. எனக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை. சொல்லிவிட்டேன். அவர் திருச்சி இல்லை, இலங்கைக்காரர், முகாமில் இருக்கிறவர், இங்கே வந்து தாம்பூலம் வாங்கினதில் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள், வந்தார் என்று சொல்ல ஆளில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி உள்ளே விம்முகிற சத்தம் கேட்டது.

செல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அவரு இலங்கைன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே. நாற்காலிய இழுத்துப் போட்டு 'இருங்கோ'ன்னாரு. எங்க பக்கம் முகாம் ஆளுங்க பெயிண்ட் வேலைக்கு வந்து போயிட்டுத்தான் இருக்காங்க, நான் கேக்காத பேச்சா? நீங்களே மறைக்கிறீங்க, நாம ஏன் கெளறணும்னு இருந்துட்டேன். அதுக்கென்ன இப்ப?"

 அண்ணன் கையில் ஒரு குச்சி இருந்தது. அதைக் கீழே போடவுமில்லை, அடுக்கவுமில்லை. செல்லப்பன்தான் மறுபடி பேசினார். ஒரு மனுஷனைக் கூப்பிட்டுத் தாம்பூலம் கொடுத்துவிட்டு வரவில்லை என்று சொல்வது நன்றாக இல்லை, நேரில் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வாருங்கள் சம்பந்தி என்றார். அண்ணன், திங்கக்கிழமை நானே வரேன் என்றார். என் தலையில் கூடக் கையை வைத்தார்.

வண்டியில் என்னை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார்.  நான் இறங்கியதும், "மொதல்லயே சம்பந்திக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா" என்றார்.  தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டு, பயந்து, வேறு வழியில்லாமல் செய்திருந்தால் ஒரு மாதிரி. யாரும் கேட்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. தானே ஒன்றை நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். ஆனாலும் திங்கட்கிழமை வருகிறேன் என்றாரே என்று மனசு அதைப் பிடித்துக்கொண்டது. ஆர்.ஐ. சாரிடமும் போய்ச் சொல்லிவைத்தேன். அவர் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் அம்மா, விசாரணைக்கு அனுப்பாமல் நானே பார்க்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை நானும் வீட்டுக்காரரும் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார். அண்ணன் கொடுத்த சட்டையைத் தொடவில்லை. அரியலூர் பஸ் ஒவ்வொன்றாக வந்து போனது. நான் ரோட்டு ஓரமாகப் போய் இறங்குகிறவர்களைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அண்ணி எடுத்தது.

"சொன்னத மாத்திச் சொன்னா அவரத்தான் உள்ள வைப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆபீசருகிட்டயே பொய் சொன்னதாயிடுமாம். கல்யாணம் வச்சிருக்கிற வூடு. ஒங்க அண்ணன அப்படி மாட்டிவிட ஒனக்கு மனசு வருதா கொளஞ்சி?"

நான் போனை அணைத்தேன். வீட்டுக்காரர் என்ன என்று கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ஆறிப்போகும்வரை வைத்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். சார் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் வந்திருக்காராம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வருவார் சார். பஸ் பிந்திட்டுது போல" என்றார். அவருக்காகப் பஸ்ஸில் நான் இத்தனை வருஷம் முந்திக்கொண்டு பேசியிருக்கிறேன். எனக்காக அவர் முந்திக்கொண்டது அப்போதுதான். என் கூடப் பிறந்தவன் மானத்தை அந்த மேசைக்கு முன்னால் அவர் ஏன் காப்பாற்ற வேண்டும்?

"இல்லீங்க சார்" என்றேன். "அவரு வரமாட்டாரு."

 சார், பெயர் வெட்டிய காகிதத்தைப் போலீஸ் விசாரணைக்குப் போகிற கட்டோடு வைத்து, வீட்டுக்காரரை அன்றைய கையெழுத்தைப் போடச் சொன்னார்.